கேரி இன்னும் தெற்குதானா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வேலை மாற்றலில் நியூ ஜெர்ஸியிலிருந்து வட கரோலினாவின் கேரி நகருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் இந்த வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். "இதைத் தெற்கு என்று சொல்லாதீர்கள், தெற்கு எப்போதோ செத்துவிட்டது" என்கிறார். அலுவலகத்தில் வடக்கு விர்ஜினியாக்காரர் ஒருவர், தன் ஊர் தெற்கா இல்லையா என்று மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் வாதாடுகிறார். இதற்கிடையில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள், 'நீங்கள் எல்லாரும்' என்பதற்குத் தெற்கத்தியர் சொல்லும் "யால்" என்ற சொல்லைப் போட்டுப் பேச ஆரம்பித்திருக்கிறாள். அமெரிக்காவில் 'தெற்கு' என்பதற்கு என்னதான் எல்லை, இப்படி அடையாளம் தெரியாமல் மாறிப்போன ஊர்களை இன்னும் அதில் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள்.

சேர்க்கலாம், கேரி உட்பட. ஆனால் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதிலும் பொய் இல்லை. இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கும் என்று சொல்லத்தான் இத்தனை நீளம்.

வரைபடத்தை நம்பாதீர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் பட்டியலில் தெற்கு என்பது 16 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும். அதில் டெலவேரும் உண்டு, ஓக்லஹோமாவும் உண்டு. டெலவேர்க்காரரிடம் போய் நீங்கள் தெற்கத்தியரா என்று கேட்டால் சிரிப்பார். சிலர் மேஸன்-டிக்ஸன் கோட்டைக் காட்டுவார்கள். அது பென்சில்வேனியாவையும் மேரிலாந்தையும் வைத்திருந்த இரு குடும்பங்களின் வரப்புத் தகராறைத் தீர்க்க, 1763 முதல் 1767 வரை இரண்டு ஆங்கிலேயர்கள் வந்து அளந்த கோடு. அடிமை முறையின் எல்லை என்ற பொருள் அதற்குப் பிற்பாடுதான் ஏறியது. அடிமை முறையைக் காக்க 1860-61இல் நாட்டைவிட்டுப் பிரிந்து உள்நாட்டுப் போரில் இறங்கிய 11 மாநிலங்கள் என்ற கணக்கு கொஞ்சம் கெட்டியானது. ஆனால் அதில் கென்டகி கிடையாது, கென்டகி இல்லாத தெற்கை எந்தத் தெற்கத்தியரும் ஒப்புக்கொள்ள மாட்டார். பிரிந்த விர்ஜினியாவிலிருந்தே பிரிந்து 1863இல் தனி மாநிலமான மேற்கு விர்ஜினியாவை எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்டால் அங்குள்ளவர்களே ஆளுக்கொன்று சொல்வார்கள்.

வரைபடத்தை விட்டுவிட்டு மனிதர்களிடமே கேட்டவர்களும் இருக்கிறார்கள். ஜான் ஷெல்டன் ரீட் என்ற சமூகவியலாளர் 1970களில் ஊர் ஊராகத் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி, எத்தனை கடைகளும் நிறுவனங்களும் தங்கள் பெயரில் 'சதர்ன்' என்றும் 'டிக்ஸி' என்றும் வைத்திருக்கின்றன, எத்தனை 'அமெரிக்கன்' என்று வைத்திருக்கின்றன என்று எண்ணினார். டிக்ஸி என்பது பழைய, போர்க்காலத் தெற்கின் செல்லப்பெயர். ஒரு மனிதர் கடைக்குப் பெயர் வைக்கும்போது பொய் சொல்ல மாட்டார் என்பது அவர் நம்பிக்கை. எனக்கும் அது சரியாகவே படுகிறது. 2010இல் இரண்டு அரசியல் ஆய்வாளர்கள் அதே எண்ணிக்கையைத் திரும்ப எடுத்தார்கள். 'டிக்ஸி' வெகுவாகச் சுருங்கிப் போயிருந்தது. 'சதர்ன்' அப்படி ஓடிவிடவில்லை, பெரும்பாலும் தாக்குப்பிடித்திருந்தது.

சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினாப் பல்கலைக்கழகம் 1990களில் நடத்திய கருத்துக்கணிப்புகள் இன்னும் சுவாரசியமானவை. உங்கள் ஊர் தெற்கில் இருக்கிறதா என்று ஒரு கேள்வி, நீங்கள் தெற்கத்தியரா என்று இன்னொரு கேள்வி. ஃபுளோரிடாவில் முதல் கேள்விக்கு 100க்கு 90 பேர் ஆம் என்றார்கள். இரண்டாவதற்குப் பாதிப் பேர்தான். உங்கள் அலுவலக வாதத்தில் பாதிச் சூடு இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருவது. ஊர் தெற்காக இருக்கலாம், அதில் வாழ்பவர் தன்னை அப்படி நினைக்காமலும் இருக்கலாம்.

பேச்சை வைத்துத் தீர்ப்பு சொன்னால் உங்கள் பெரியவர் ஜெயித்துவிடுவார். ராலே, டர்ஹம், சேப்பல் ஹில் என்ற மூன்று ஊர்களுக்கு நடுவே, பைன் மரக்காட்டில், 1959இல் ஆராய்ச்சி முக்கோணப் பூங்காவைத் தொடங்கினார்கள். புகையிலை, துணி ஆலை, மரச்சாமான் என்ற மூன்றையும் நம்பியிருந்த மாநிலத்தில் படித்த பிள்ளைகள் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பிடித்துவைக்கத்தான் இந்த ஏற்பாடு. 1965இல் ஐபிஎம் வந்தது. அதன் பின்னால் வடக்கிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். ராபின் டாட்ஸ்வர்த் என்ற மொழியியலாளர் ராலேயில் பல தலைமுறைகளின் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்திருக்கிறார். 1950க்கு முன் பிறந்தவர்களிடம் கெட்டியாக இருந்த தெற்கத்தி உயிரொலிகள், பின்னால் பிறந்தவர்களிடம் படிப்படியாகக் கரைந்திருக்கின்றன. ஒரே வகுப்பறையில் வடக்கத்திப் பிள்ளைகளோடு உட்கார்ந்ததில் நடந்த மாற்றம் அது. ஜார்ஜியாவிலும் ஏறக்குறைய இதே கதைதான் என்று 2023இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது.

கேரியைப் பொறுத்தவரை, 1960இல் சுமார் 3,400 பேர் இருந்த ரயிலடி ஊர் இது. 2020 கணக்கெடுப்பில் 1,74,000 பேருக்கும் மேல். ஊர்ப் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளை விரித்து 'இடம்பெயர்ந்த யாங்கிகளை அடைத்துவைக்கும் பகுதி' என்று சொல்வது இங்கே பழைய கேலி. யாங்கி என்றால் வடக்கத்திக்காரர். நாம் அந்தக் கேலியில்கூட இல்லை, கவனித்தீர்களா?

ஆனால் தெற்கின் சாவுச் செய்தி நேற்று வந்ததல்ல. 1886 டிசம்பரில் அட்லாண்டா பத்திரிகை ஆசிரியர் ஹென்றி கிரேடி, நியூயார்க் விருந்து ஒன்றில் எழுந்து, அடிமை முறையின் பழைய தெற்கு போய்விட்டது, இனி எழுவது புதிய தெற்கு என்று முழங்கினார். வடக்கின் முதலீடு வேண்டியிருந்தது. (அவருடைய புதிய தெற்கில் வெள்ளையர் ஆதிக்கம் மட்டும் பழையபடியே இருந்தது.) 1958இல் வரலாற்றாசிரியர் வான் வுட்வர்ட், புல்டோசர் புரட்சி ஒன்று நாட்டுப்புறத் தெற்கை வழித்துத் தள்ளிக்கொண்டு போகிறது என்று எழுதினார். பிறகு வீட்டுக்கு வீடு குளிர்சாதனம் வந்தது, நான்குவழிச் சாலை வந்தது, தொலைக்காட்சி வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கருமாதி நடந்திருக்கிறது. 140 ஆண்டுகளாகப் பாடை கட்டுகிறார்கள். பிணம் எழுந்து போய் பார்பக்யூ கடை வரிசையில் நிற்கிறது.

எது கலப்படமற்ற தெற்கு என்று தேடிப் போனால் இன்னும் சிக்கல். சாலையோர மரம், கம்பம், பாழடைந்த கொட்டகை என்று எதையும் விடாமல் போர்த்தி மூடியிருக்கும் குட்ஸு கொடியைப் பார்த்திருப்பீர்கள். தெற்கைப் பற்றி எழுத உட்காருபவர்கள் அதை ஒரு முறையாவது இழுக்காமல் விடுவதில்லை. அது ஜப்பானியக் கொடி. 1876இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சிக்கு வந்தது. மண் அரிப்பைத் தடுக்கிறோம் என்று 1930களில் அரசே அதைப் பரப்பியது. ஜார்ஜியா பெருமையடித்துக்கொள்ளும் பீச் பழத்தின் பூர்வீகம் சீனா. வெண்டைக்காய் ஆப்பிரிக்காவிலிருந்து, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வழியாக வந்தது. லூசியானாவின் 'கம்போ' குழம்புக்குப் பெயர் தந்ததும் வெண்டைக்காய்க்கான ஆப்பிரிக்கச் சொல்தான். 2006இல் தென் கரோலினா சட்டம் போட்டு மாநிலத் தின்பண்டமாக்கிய வேகவைத்த நிலக்கடலை, தென் அமெரிக்காவில் பிறந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு இங்கே வந்த பயிர். முதன்முதலாக ஒரு பெட்ரோல் பங்க் வாசலில், பெரிய பாத்திரத்தில் தோலோடு உப்புத் தண்ணீரில் கொதித்துக்கொண்டிருந்த கடலையைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. இந்த நாட்டில் அதுவரை எந்த ஊரும் என்னிடம் அவ்வளவு நெருக்கமாகப் பேசியதில்லை.

ஆகவே பேச்சு, சாப்பாடு, ஜனத்தொகை என்று மிச்சம் மீதியை எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். அந்த ஊர் இன்னும் எதைப் பற்றிச் சண்டை போடுகிறது என்று பார்க்கிறேன். அடிமை முறை, அதற்காக நடந்த போர், அதன் பிறகு 1960கள் வரை சட்டமாகவே நின்ற நிறப் பிரிவினை: இந்த மூன்றின் கணக்கும் தீராமல் நகர மன்றத்திலும் பள்ளிக் குழுவிலும் நிலப் பத்திரத்திலும் வந்து நிற்கிறதென்றால், தெருவில் எல்லாரும் டெஸ்லா ஓட்டினாலும் அது தெற்குதான். வடக்கில் நிறவெறி இல்லை என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அங்கே அது வேறு பாஷையில் பேசும்.

உங்கள் விர்ஜினியா நண்பருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். வாஷிங்டனை ஒட்டிய அந்தப் பகுதியில் தெற்கத்திப் பேச்சு ஏறக்குறைய இல்லை. பால் பண்ணைகள் நிறைந்திருந்த லவுடன் மாவட்டத்தில் இன்று தரவு மையங்கள் வரிசையாக நிற்கின்றன. போய்விட்டது என்று அவர் சொன்னால் நானும் தலையாட்டுவேன். ஆனால் அங்கே ஆர்லிங்டனில், அன்று பிரிந்துபோன தெற்கின் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸின் பெயரைத் தாங்கிய நெடுஞ்சாலை 2019 வரை அந்தப் பெயரிலேயே இருந்தது. அதை மாற்ற நீண்ட வாதப் பிரதிவாதம் தேவைப்பட்டது. அலெக்ஸாண்டிரியாவின் டியூக் தெருவில் இருக்கும் ஒரு செங்கல் வீடு, 1828 முதல் 1836 வரை நாட்டின் மிகப் பெரிய அடிமை வியாபார நிறுவனம் இயங்கிய இடம். ஆயிரக்கணக்கான மனிதர்களை அங்கே அடைத்துவைத்து நியூ ஆர்லியன்ஸுக்கும் நாட்செஸுக்கும் அனுப்பினார்கள். இன்று அது அருங்காட்சியகம். அந்த வீட்டைக் கடந்துதான் பலர் வேலைக்குப் போகிறார்கள்.

நம் பக்கத்தில் மட்டும் என்ன? 2017 ஆகஸ்ட் 14 அன்று டர்ஹம் பழைய நீதிமன்ற வாசலில் நின்ற கான்ஃபெடரேட் (பிரிந்துபோன தெற்கின் படை) வீரர் சிலையைப் போராட்டக்காரர்கள் கயிறு கட்டி இழுத்துத் தள்ளினார்கள். அடுத்த ஆகஸ்டில் சேப்பல் ஹில் பல்கலைக்கழக வளாகத்துச் சிலை விழுந்தது. 2019 நவம்பரில் பிட்ஸ்பரோ நீதிமன்ற வாசல் சிலையும் 2020 ஜூனில் ராலே சட்டமன்ற வளாகச் சிலையும் அகற்றப்பட்டன. பிட்ஸ்பரோ இங்கிருந்து அரை மணி நேரத் தொலைவுதான். அங்கே வாரக்கணக்கில் இரண்டு தரப்பும் சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொடியோடு நின்றதை நான் காரிலிருந்து பார்த்திருக்கிறேன். வடக்கே விஸ்கான்சினில் இப்படி ஒரு சண்டைக்கு ஆள் சேராது.

ஊர்கள் தெற்கைவிட்டு வெளியேறவும் செய்யும் என்பதை மறைக்க மாட்டேன். மேரிலாந்து அப்படித்தான் போனது. அடிமை முறை இருந்த மாநிலம். ஃபிரெடரிக் டக்ளஸும் ஹாரியட் டப்மனும் அங்கே அடிமைகளாகப் பிறந்தவர்கள். வடக்கத்தியரைக் கழிசடை என்று திட்டும் ஒரு பாட்டு 1939 முதல் அதன் மாநிலப் பாடலாக இருந்தது. நான் சொன்ன அந்தக் கருத்துக்கணிப்பில் தன்னைத் தெற்கத்தியர் என்றவர்கள் அங்கே ஐந்தில் ஒருவர் அளவுகூட இல்லை. 2021இல் அந்தப் பாடலை எடுத்தபோது பெரிதாக யாரும் மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. சண்டை ஓய்ந்துவிட்டது, ஊர் நகர்ந்துவிட்டது. டெக்சாஸ் பற்றிக் கேட்காதீர்கள். டெக்சாஸ்காரரைத் தெற்கா மேற்கா என்று கேட்டால் டெக்சாஸ் என்பார். ஃபுளோரிடாவில் வடக்கே போகப் போகத்தான் தெற்கு வரும் என்பது சொலவடை. ஸ்பானிய மொழி ஒலிக்கும் மயாமி எந்தக் காலத்திலும் தெற்காக இருந்ததில்லை என்பார்கள். அங்கேயும் கறுப்பர்களுக்கென்று தனிக் கடற்கரையை 1945இல்தான், அதுவும் போராடிய பிறகே, திறந்துவிட்டார்கள்.

இந்த விவாதங்களில் எனக்கு எரிச்சல் ஊட்டுவது ஒன்று உண்டு. 'தெற்கத்தியர்' என்று சொல்லும்போது பலர் மனதில் வெள்ளைக்காரத் தெற்கத்தியர் மட்டுமே இருக்கிறார். அமெரிக்கக் கறுப்பர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வாழ்வது தெற்கில்தான். 1910 முதல் 1970 வரை சுமார் 60 லட்சம் பேர் நிறச் சட்டங்களுக்கும் கொலைகளுக்கும் கூலியில்லா உழைப்புக்கும் தப்பி வடக்கேயும் மேற்கேயும் போனார்கள். 1970களிலிருந்து அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அட்லாண்டாவுக்கும் சார்லட்டுக்கும் திரும்பி வருகிறார்கள். சிகாகோவில் பிறந்து, பாட்டியின் ஊரில் வீடு வாங்கும் பெண் புதியவரா, ஊர்க்காரரா? அவரைப் பார்த்து 'வெளியூர்க்காரர்கள் வந்து தெற்கைக் கெடுத்துவிட்டார்கள்' என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்?

கேரியிலிருந்து டர்ஹம் நகர மையத்துக்குப் போக நீங்கள் 147ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடிப்பீர்கள். அந்தச் சாலை ஹெய்ட்டி என்ற கறுப்பர் பேட்டையின் நடுவயிற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. கடைகள், தியேட்டர், மருத்துவமனை என்று தன் காலில் நின்ற பேட்டை. டர்ஹம் கறுப்பர்கள் 1898இல் தொடங்கிய காப்பீட்டு நிறுவனம் நாடு முழுதும் பெயர் பெற்றது. நகரச் சீரமைப்பு என்ற பெயரில் 1960களில் வீடுகளை இடித்தார்கள், இடித்த இடத்தில் சாலை வந்தது, வாக்களித்த மாற்று வீடுகளில் பெரும்பாலானவை வரவில்லை. 'தெற்கு அழிந்தது' என்று புலம்புகிறவர்களில் எத்தனை பேர் ஹெய்ட்டியை அந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள்?

கடலோரத்தில் இது இன்னும் அப்பட்டமாக நடந்தது. தென் கரோலினாவின் ஹில்டன் ஹெட் தீவில் குல்லா மக்கள் வாழ்ந்தார்கள்: மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள், தங்களுக்கென்று ஒரு மொழியும் வலைபின்னலும் கூடைமுடைதலும் உடையவர்கள். 1956இல் பாலம் வந்தது. பாலத்தோடு கோல்ஃப் மைதானம் வந்தது, வரி ஏறியது. அவர்கள் நிலம் பெரும்பாலும் உயில் எழுதாமல் வாரிசுகள் அனைவருக்கும் பொதுவாக இறங்கிய நிலம். எங்கோ நியூயார்க்கில் இருக்கும் ஒரு தூரத்து வாரிசிடம் அவர் பங்கை மட்டும் வாங்கிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனால் போதும், பிரிக்க முடியாத நிலம் என்று மொத்தமும் ஏலத்துக்கு வந்துவிடும். நம் ஊரில் பூர்வீகச் சொத்து வழக்கைப் பார்த்த யாருக்கும் இது விளங்கும். அப்படிப் போன தீவில் எழுந்த மதில் சூழ்ந்த குடியிருப்புகளுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'பிளான்டேஷன்'. அடிமைத் தோட்டங்களின் பெயர், விற்பனைக்கு உதவும் அழகுச் சொல்லாக. வட கரோலினாவிலிருந்து ஃபுளோரிடா வரையான கரையை 2006இல் குல்லா-கீச்சி மரபுப் பகுதி என்று மத்திய அரசு அறிவித்தது. நிலம் திரும்பவில்லை.

உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரை நான் எள்ளி நகையாடுவதாக நினைக்க வேண்டாம். அவர் குடும்பத்துக்குப் புகையிலை வயல் இருந்திருந்தால், 2004இல் மத்திய அரசு புகையிலை ஒதுக்கீட்டு முறையை ஒழித்து, இழப்பீடு கொடுத்துக் கணக்கை முடித்த நாள் அவருக்கு நினைவிருக்கும். பல சிறு விவசாயிகள் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். உங்கள் வீடும் என் வீடும் நிற்கும் மண்ணில் ஒரு காலத்தில் எது விளைந்தது என்று அவரிடம் கேளுங்கள். தெற்கு செத்ததா என்ற தர்க்கத்தைவிட அந்தப் பேச்சு நன்றாக இருக்கும். கூடவே, சுட்ட முழுப் பன்றியைக் காடியும் மிளகாயும் போட்டுப் பிசையும் கிழக்கத்திப் பார்பக்யூவா, தக்காளி சேர்க்கும் லெக்ஸிங்டன் பார்பக்யூவா என்றும் கேளுங்கள். ஒரு மணி நேரம் போவதே தெரியாது. சைவமாக இருந்தாலும் கேட்கலாம்.

நாம் இதில் எங்கே நிற்கிறோம்? கேரி வேங்கடேசுவரர் கோயிலின் 87 அடி ராஜகோபுரத்தை 2022 தீபாவளியன்று மாநில ஆளுநர் திறந்துவைத்தார். பக்கத்து மாரிஸ்வில்லில் 2023இல் தொழில்முறை கிரிக்கெட் போட்டிகள் நடந்தன. இதெல்லாம் தெற்கை இல்லாமல் ஆக்கிவிட்டது என்று நான் நம்பவில்லை. மிசிசிப்பி டெல்டாவில் 1870களிலிருந்தே சீனர்கள் மளிகைக் கடை வைத்திருந்தார்கள், அது டெல்டாவாகவேதான் இருந்தது.

மகளின் "யால்" பற்றி வருத்தப்படாதீர்கள். ஆங்கிலம் 'நீ'யையும் 'நீங்க'ளையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டு முந்நூறு வருடமாகத் தடுமாறுகிறது. பன்மைக்குத் தனிச் சொல் கண்டுபிடித்தவர்கள் தெற்கத்தியர்கள். நம் 'நீங்கள்' மரியாதைக்கும் சேர்த்து உழைக்கும், 'யால்' எண்ணிக்கைக்கு மட்டும். மரியாதைக்கு இங்கே "யெஸ் மேம்" உண்டு, அதையும் சீக்கிரம் கற்றுக்கொள்வாள். அவள் தெற்கத்தியளா என்பதை அவளே பெரியவளாகிச் சொல்லட்டும்.

அதற்கு முன் ஒரு நாள் டர்ஹமுக்கு வடக்கே ஸ்டாக்வில் போய் வாருங்கள். 1860இல் ஒரே குடும்பத்துக்கு ஏறக்குறைய 30,000 ஏக்கர் நிலமும் 900 அடிமைகளும் இருந்த தோட்டம், இன்று மாநில அரசின் பாதுகாப்பில் இருக்கிறது. அடிமைகள் வாழ்ந்த இரண்டடுக்கு மர வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. புகைபோக்கிகளின் பக்கத்தில் போய் நின்று செங்கல்லை உற்றுப் பாருங்கள். ஈர மண்ணை அச்சிலிருந்து எடுத்தவர்களின் விரல்தடங்கள் பதிந்து சுட்டுப்போயிருக்கின்றன. எல்லா நாளும் திறந்திருக்காது, கிளம்பும் முன் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவரையும் கூப்பிடுங்கள், வந்தாலும் வருவார்.